மூன்றாம் மாடிக் கதவு

அந்தக் கதவின் கிறீச்சொலி
எங்கள் அலுவலகக் கழிப்பறைக் கதவுடையது.
டண்டீ நகரம், பழைய சணல் ஆலை, நான்காம் தளம்.
எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு
மைக்கை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
இருபத்தேழு முறை திறந்து மூடினேன்.

கலங்கரை விளக்கில் ஏறிப்போகும் விளையாட்டு.
ஆறு பேர், மூன்று வருடம்.
வெளியான வெள்ளிக்கிழமை மாலை
விற்றது நானூற்றுப் பன்னிரண்டு.
மதிப்பெண் பலகையில் பெயர் ஏறியது
ஒன்பதாயிரம் பேருக்கு.
ஃபெர்கஸ் முதலில் கைதட்டினான்.
பிறகு கணக்குப் போட்டான்.
பிறகு கெட்டிலை அணைத்துவிட்டு
டே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அன்றைய பனிமூட்டத்தில்
அங்கே ஆறு இருந்ததாகவும் சொல்ல முடியாது.

பொறி வைக்கலாம் என்றது நான்தான்.
பூட்டுடைத்த கன்சோல் என்று தெரிந்தால்
மூன்றாம் மாடிக் கதவு திறக்காது.
தட்டலாம். சத்தம் வரும். அவ்வளவுதான்.
பதினோரு வரி நிரல்.
எழுதி முடித்தபோது
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காசு கொடுக்காதவர்கள்தான் உரக்கத் திட்டினார்கள்.
பிழை மலிந்த விளையாட்டு என்று
ஒற்றை நட்சத்திரம் ஒட்டினார்கள்.
வாங்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு
வாங்காமல் போனார்கள்.
வைத்த பொறியில் எங்கள் காலும்.

ஒரு கடிதம் மட்டும் திட்டவில்லை.
'இருபத்திரண்டாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
டிப்போவில், இடைவேளையில் விளையாடுவேன்.
ஒன்பது நாளாகத் தட்டுகிறேன்.
உள்ளே யாராவது இருக்கிறார்களா?'

உங்களுடையது களவுப் பிரதி,
பன்னிரண்டு பவுண்டு கொடுத்தால் திறக்கும் என்று
விறைப்பாக ஒரு பதில் போட்டேன்.
மறுநாள் வந்தது:
'ஞாயிற்றுச் சந்தையில் நூற்றைம்பது கொடுத்தேனே.
நாற்பது விளையாட்டும் உள்ளேயே இருக்கிறது என்றான்.
அதில் உங்களுக்கு எதுவும் வரவில்லையா?'

வரவில்லை என்று எழுதக் கூசியது.
ரிச்சி தெருவில், பிளாஸ்டிக் உறையில்,
முப்பது ரூபாய்க்கு ஒன்று என்று
நான் வாங்கிய தட்டுகள் ஞாபகம் இருக்கின்றன.
அவற்றைக் குடைந்து குடைந்துதான்
இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.
முடிவில் ஓடும் பெயர்களை
ஒருமுறையும் ஓடவிட்டதில்லை.
பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவேன்.
அதில் ஒன்றைச் செய்த நிறுவனம் மூடிப்போனதாக
எங்கோ ஒரு மூலையில் படித்தேன்.
டீ ஆறுவதற்குள் மறந்தும்போனேன்.

பிப்ரவரியில் எங்களுடையது.
களவு ஒன்றே காரணம் என்று ஃபெர்கஸ் சொல்வான்.
நான் சொல்லமாட்டேன்.
வாடகை ஏறியது, எட்டு மாதம் தாமதித்தோம்,
நான்காம் மாடி சுமாராகத்தான் வந்திருந்தது.
ஆனாலும் ஒன்பதாயிரம் என்ற எண்
இரவில் என் காதுக்குள் தட்டிக்கொண்டே இருக்கும்.
கணினிகளை ஏலக்காரர் எடுத்துப்போனார்.
நாற்காலிக்கு நான்கு பவுண்டு.
அதற்கு முந்தைய மாலை
அந்தப் பதினோரு வரியைத் திறந்து வைத்தேன்,
அழித்து, ஒரு கடைசித் திருத்தமாக அனுப்பிவிடலாமென்று.
அழிக்கவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்,
அந்தக் கதவு நன்றாக அமைந்துவிட்ட கதவு.

பெட்டியைச் சுமந்து நிறுத்தத்தில் நின்றேன்.
இருபத்திரண்டு வந்தது.
அவராக இருக்கலாம்;
அந்தத் தடத்தில் எத்தனை ஓட்டுநர்களோ.
சில்லறையை எண்ணிப் போட்டேன்,
இருபது பென்ஸ் குறைந்தது.
பையைத் துழாவினேன், பட்டன் ஒன்று வந்தது.
'பரவாயில்லை, ஏறுங்கள்' என்றார்,
கண்ணாடியைப் பார்த்தபடியே.

ஏறிக்கொண்டேன்.
பின்னால் கதவு மூடியது,
காற்றை விழுங்கி, ரப்பரில் முட்டி, மெதுவாக.
நல்ல சத்தம்.
பதிவுசெய்யக் கை போனை எடுத்துவிட்டது.
வேலை போனது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.